தை முகூர்த்தமும் பாரிஸ் பனியும்

சென்ற வாரம் பாரிஸின் புறநகரான சார்செல்லிலிருந்து வந்த ஒரு சகோதரி, என் மேசை மீது இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்று, பாரிஸிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தின் போர்டிங் பாஸ். ஓரம் கிழிந்து கசங்கியிருந்தது. மற்றொன்று, டில்லியிலிருந்து சென்னைக்கு எடுத்த தனி டிக்கெட். மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. முத்தியால்பேட்டையில் அவருடைய தம்பிக்குத் திருமணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவர் அவர். அவர் மண்டபத்தை அடைந்தபோது முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சைச் சித்தப்பா மகள் போட்டுவிட்டாள்.

புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விமானப் பயணச்சீட்டுப் பதிவு செய்துவருகிறேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி இரண்டு மூன்று பேர் வந்து உட்காருவார்கள். இந்த முறை கேட்டுக்கொண்டிருக்கவே மனம் தாங்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சகோதரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “அண்ணே, பனி நின்னுபோச்சு, வெயில்கூட அடிச்சுது. அப்புறம் எதுக்கு அஞ்சரை மணி நேரம் உட்கார வச்சாங்க?” பிரான்சில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தவரே இப்படிக் கேட்கிறார் என்றால், நம் ஊரில் இருந்துகொண்டு மகனைப் பார்க்க முதல் தடவை புறப்படுகிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். எட்டு மணிக்கு வெயில் ஏறினால் விலகிவிடும், பேருந்து வழக்கம்போல ஓடும். அங்கே வானத்திலிருந்து கொட்டும் பனி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது பெய்து முடித்த பிறகுதான் விமான நிலையத்தின் உண்மையான வேலையே தொடங்குகிறது. ஓடுபாதைகளை ஒவ்வொன்றாக மூடி, வழித்துத் தள்ளி, மீண்டும் திறக்க வேண்டும். ஒவ்வொரு விமானத்தின் இறக்கையிலும் சூடான கிளைக்கால் திரவத்தைப் பீய்ச்சி உறைபனியை நீக்க வேண்டும். அதற்கு விமானங்கள் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கும்போதே மீண்டும் பனி விழுந்து, அடித்த திரவம் தாங்கும் நேரமும் கடந்துவிட்டால், திரும்பப் போய் இன்னொரு முறை அடித்துக்கொண்டு வர வேண்டும். இதற்குள் விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிட்டால் மாற்று விமானிகள் வர வேண்டும். உங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய விமானமே முந்தைய நாள் வேறொரு ஊரில் மாட்டிக்கொண்டு, வந்து சேராமலும் இருக்கலாம். காலையில் இரண்டு மணி நேரம் பெய்த பனியின் பாதிப்பு மறுநாள் இரவு வரை நீள்வது இதனால்தான். 2010 டிசம்பரில் லண்டன் ஹீத்ரோ பல நாட்கள் முடங்கியதும், அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பாரிஸ் ஷார்ல் து கோல் நிலையத்தில் பனி நீக்கும் திரவமே தட்டுப்பாடாகி நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தானதும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க முடியாதவை. ஆகவே வெயில் அடிக்கிறது என்பதை ஒரு சான்றாக வைத்துக்கொண்டு கவுன்டரில் இருக்கும் ஊழியரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

சகோதரியின் நிலைமையைக் கெடுத்தது உண்மையில் பனி மட்டுமன்று. இணையத்தில் தேடிய யாரோ ஒருவர், பாரிஸ்–டில்லி ஒரு டிக்கெட்டாகவும் டில்லி–சென்னை வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட்டாகவும் எடுத்தால் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறார். நடுவே மூன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்று இவரும் நம்பியிருக்கிறார். அது வானம் தெளிவாக இருக்கும் நாளுக்கான கணக்கு. டில்லியில் இறங்கியவுடன் குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருத்தல், சுங்கம், சில வேளைகளில் வேறொரு டெர்மினலுக்குச் சாலை வழியாகப் பயணம் என்று அந்த நேரத்தில் பாதி கரைந்துவிடும். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு விமானங்களும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைச் சென்னை வரை கொண்டுசேர்ப்பது டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். பணமும் போயிற்று, இடமும் போயிற்று. அன்று பகல் முழுவதும் சென்னை விமானங்களில் இடமில்லை. மாலையில் பதினெட்டாயிரம் கொடுத்துப் பிடித்த விமானமும் டில்லியின் மூடுபனியால் தாமதமானது. ஐரோப்பாவில் பனி கொட்டும் அதே வாரங்களில்தான் டில்லியில் மூடுபனி கவிகிறது என்பதையும், போகியன்று சென்னையிலேயே புகையால் விமானங்கள் தடைபட்டிருக்கின்றன என்பதையும் தை முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

இழப்பீடு பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்கிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும் பயணிக்கு உரிமைகள் உண்டு. இங்கிருந்து அங்கே செல்லும்போது, விமானத்தை இயக்குவது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் அந்த விதி பொருந்தும். பனியால் ஏற்பட்ட தாமதத்துக்கு அந்த விதியில் உள்ள 250, 400, 600 யூரோ இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது; அதற்காக அலைய வேண்டாம். ஆனால் உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும், விடுதிக்குச் சென்றுவரும் வண்டியும் வானிலை காரணமாக இருந்தாலும் விமான நிறுவனம் தந்தே ஆக வேண்டியவை. கவனிக்க ஆளில்லாமல் நீங்களே நியாயமான செலவு செய்தால் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

பனி எச்சரிக்கை வந்தவுடன் பதறிப்போய் நீங்களாகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணம் அல்லது மாற்று விமானம். நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம். பிரான்சின் விமானப் போக்குவரத்துத் துறை முந்தைய நாளே விமானங்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவிடுவதுண்டு. அந்த வேளைகளில் பல நிறுவனங்கள் கட்டணமின்றித் தேதி மாற்ற இடம் கொடுக்கும். அந்தச் செய்தி உங்களுக்கு வர வேண்டுமானால் டிக்கெட்டில் உங்கள் கைப்பேசி எண் இருக்க வேண்டும். என் எண்ணையே போட்டுவிடச் சொல்கிறவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் குறுஞ்செய்தியை நான் காலையில்தான் பார்ப்பேன்.

பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு இன்னும் சில. ஷெங்கன் விசாவுக்காகக் கட்டாயமாக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவத்துக்கானது. விமானத் தாமதத்தை அது தானாக ஈடுகட்டாது, அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விசா முடியும் நாளன்றே திரும்பும் விமானத்தைப் போடாதீர்கள். அப்படியும் மாட்டிக்கொண்டால், விசா முடிவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் கடிதத்துடன் அங்குள்ள அதிகாரிகளிடம் சென்று நீட்டிப்புக் கேட்கச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாத காரணமென்றால் கட்டணமில்லாமல் தருவார்கள். இன்சுலினும் இரத்த அழுத்த மாத்திரையும் மூன்று நாளைக்காவது கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டி வரவில்லை, மாத்திரை இல்லை என்று தொலைபேசியில் அழும் பிள்ளைகளுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

திருமணமோ திவசமோ, அந்த நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே சென்னையில் இறங்கும்படி திட்டமிடுங்கள். விமானம் சரியாக வந்துவிட்டாலும், பொங்கல் கூட்டத்தில் பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்து ஊர் வந்து சேர வேண்டும். விடுமுறை கிடைக்கவில்லை என்கிறவர்கள், திரும்பும் தேதியில் இரண்டு நாளைக் குறைத்து, வரும் தேதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சகோதரி பிப்ரவரி பத்து வரை இங்கேதான் இருக்கிறார்.