சிலிண்டர் தீர்ந்தாலும் மூச்சு நிற்காதது எப்படி?

2021 மே 10ஆம் தேதி இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் 11 கொரோனா நோயாளிகள் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய திரவ ஆக்சிஜன் டேங்கர் தாமதமாகிவிட்டது. தொட்டியை மீண்டும் நிரப்புவதற்குள் குழாயில் அழுத்தம் இறங்கியது. அப்படி இறங்கியிருந்த நேரம் சுமார் ஐந்து நிமிடம் என்று மாவட்ட நிர்வாகம் அப்போது தெரிவித்தது.

அந்த ஐந்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆக்சிஜன் என்றதும் நாம் எல்லோரும் "எவ்வளவு கையிருப்பு?" என்று கேட்கிறோம். வென்டிலேட்டரில் கிடப்பவரின் உயிரோ குழாயின் அழுத்தத்தில் இருக்கிறது. வார்டுச் சுவரில் உள்ள ஆக்சிஜன் முனையில் எப்போதும் ஏறத்தாழ 4 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலோ இறங்கினாலோ அபாய மணி அடிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. அந்த 4 பாரை இரவும் பகலும் காத்து நிற்பதுதான், சிலிண்டர்களை ஒரே பொதுக்குழாயில் இணைக்கும் அமைப்பான மேனிஃபோல்டு இருக்கும் அறையின் தானியங்கி மாற்றுக் கருவி.

பெரும்பாலும் மருத்துவமனையின் பின்புறத்தில்தான் இந்த அறை இருக்கும். சுவரோரம் இரண்டு வரிசைகளில் கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்துமாக ஜம்போ சிலிண்டர்கள், விழுந்துவிடாமல் சங்கிலியால் கட்டப்பட்டு நிற்கும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன், 150 பார் அளவுக்கு அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் 20 நோயாளிகளுக்கு, ஒரு வரிசையில் உள்ள பத்து சிலிண்டர்கள் ஆறு மணி நேரம்கூட முழுதாக வராது. எனவே ஒரு வரிசை தீர்ந்து மறுவரிசைக்கு மாறுவது, நெருக்கடி நாட்களில் ஒரே நாளில் நான்கைந்து முறை நடக்கும் சாதாரண வேலை. ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் ஓடி வந்து வால்வைத் திருப்ப வேண்டும் என்றிருந்தால், ஏதாவது ஒரு நள்ளிரவில் அவர் தாமதிப்பார்.

ஆகவே அந்தப் பொறுப்பு ஒரு ஸ்பிரிங்கிடம் கொடுக்கப்பட்டது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக் குழாய்க்கு ஒரு மிதவை வால்வு, மாடியில் ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் போர்த் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு ஒரு மிதவை வால்வு. முதலாவதைத் தொட்டியின் மேல்மட்டத்திலும் இரண்டாவதை ஒரு சாண் கீழேயும் பொருத்திவிடுகிறோம். மாநகராட்சித் தண்ணீர் வரும்வரை மட்டம் மேலேயே இருக்கும். கீழ் மிதவை எழும்பியபடியே இருப்பதால் போர்க் குழாய் திறக்காது. மாநகராட்சித் தண்ணீர் நின்றதும் மட்டம் அந்த ஒரு சாண் இறங்கும், போர்க் குழாய் தானாகத் திறந்துகொள்ளும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மேனிஃபோல்டில் தண்ணீர் மட்டத்துக்குப் பதில் அழுத்தம், மிதவைக்குப் பதில் ரெகுலேட்டர். ரெகுலேட்டருக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஸ்பிரிங் தள்ளுகிறது, மறுபக்கம் வெளியேறும் வாயு தள்ளுகிறது. வெளியேறும் வாயுவின் அழுத்தம் இறங்கினால் ஸ்பிரிங் வென்று வால்வைத் திறக்கும், ஏறினால் வாயு வென்று மூடிவிடும். இடது வரிசையின் ரெகுலேட்டரை 10 பாரிலும் வலது வரிசையுடையதை 8 பாரிலும் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இடது வரிசை கொடுக்கும்வரை பொதுக்குழாயில் 10 பார் நிற்கும். வலது ரெகுலேட்டரின் சவ்வு தன் 8 பாருக்கு மேலான அழுத்தத்தை உணர்ந்து மூடியே கிடக்கும். இடது சிலிண்டர்கள் வற்றிப் பொதுக்குழாய் 8 பாரைத் தொடும் கணத்தில் வலது திறந்துகொள்கிறது. அதற்கப்பால் இருக்கும் இன்னொரு ரெகுலேட்டர், தன்னிடம் வருவது பத்தோ எட்டோ, வார்டுக்கு 4 பாராகவே அனுப்புகிறது. மேலே படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. தீர்ந்த சிலிண்டரிலும் எட்டுப் பார் வாயு மிஞ்சியிருக்கிறதே, வீணல்லவா என்று தோன்றலாம். அந்த மிச்சம்தான் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே புகாமல் சிலிண்டரைக் காக்கிறது.

இதில் மின்சாரம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் வந்து காலி சிலிண்டர்களை மாற்றிய பிறகு ஒரு கைப்பிடியைத் திருப்பி, இனி வலது முதன்மை, இடது காத்திருப்பு என்று முறை மாற்றிவிடுவார். புதிய கருவிகளில் அழுத்த உணரிகளும் மின்காந்த வால்வுகளும் அந்த வேலையையும் செய்துவிடுகின்றன. நல்ல வடிவமைப்பில், மின்சாரம் போனால் இரண்டு வரிசைகளும் திறந்து கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள்.

பெரிய மருத்துவமனைகளில் சிலிண்டர் வரிசைக்கு முன்னால் திரவ ஆக்சிஜன் தொட்டி நிற்கிறது. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் கொதிப்பது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 850 லிட்டர் வாயுவாகும். 6,000 லிட்டர் தொட்டி ஒன்று, 700க்கும் மேற்பட்ட ஜம்போ சிலிண்டர்களுக்குச் சமம். தொட்டியருகே வெள்ளை வெளேரென்று பனி படிந்து நிற்கும் அலுமினியத் தகட்டுக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வெளிக்காற்றின் வெப்பத்தை வாங்கித் திரவத்தை வாயுவாக்குவது அதுதான். தொட்டியின் அழுத்தம் சரிந்தால் காத்திருக்கும் சிலிண்டர் மேனிஃபோல்டு அதே ஸ்பிரிங் தந்திரத்தால் திறந்துகொள்ளும். ஆனால் அந்தச் சிலிண்டர்கள் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது, மேலே போட்ட கணக்குத்தான்.

மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு இந்த ஒழுங்கை உடைக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தமானியின் முள் 150இலிருந்து 75க்கு வந்தால் பாதி தீர்ந்தது என்று பொருள். நைட்ரஸ் ஆக்சைடோ சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. கடைசித் துளித் திரவம் ஆவியாகும்வரை முள் ஐம்பது பாரையொட்டியே நிற்கும், பிறகு சடசடவென இறங்கிவிடும். முள்ளை நம்பியவர் ஏமாறுவார். எடை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று: இந்த வாயு 36.4 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. வேலூரின் மே மாதம் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால்தான் வெப்பநாடுகளில் இந்தச் சிலிண்டர்களைக் குளிர்நாடுகளைவிடக் குறைவாகவே நிரப்புகிறார்கள்.

கருவியின் எல்லையையும் சொல்ல வேண்டும். அதற்குத் தெரிந்தது அழுத்தம் ஒன்றே. உள்ளே இருப்பது எந்த வாயு என்று அதற்குத் தெரியாது. 1973இல் கனடாவின் சட்பரி பொது மருத்துவமனையில், புதிய பிரிவின் ஆக்சிஜன் குழாயும் நைட்ரஸ் ஆக்சைடு குழாயும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. அழுத்தமெல்லாம் சரியாகவே இருந்தது, நோயாளிகள் இறந்தார்கள். ஒவ்வொரு வாயுவின் சுவர்முனையும் வேறு வாயுவின் இணைப்பு நுழையாதபடி வேறு வேறு அளவில் செய்யப்படுவதும், புதிய குழாயில் வருவது என்ன வாயு என்று கருவி வைத்துச் சோதிக்காமல் நோயாளிக்குத் திறக்கக் கூடாது என்பதும் இந்த ஆபத்தைத் தடுக்கத்தான்.

வரிசை மாறியதும் மேனிஃபோல்டின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. காத்திருப்பு வரிசையும் குறைந்தால் இன்னொரு மஞ்சள், குழாய் அழுத்தமே தவறினால் சிவப்பும் மணியும். முதல் மஞ்சள் விளக்குக்கும் சிவப்புக்கும் நடுவே இருப்பது ஒரு வரிசைச் சிலிண்டர்களின் ஆயுள் மட்டுமே. அந்த விளக்கு பூட்டிய அறைக்குள் மட்டும் எரிந்தால் யாருக்கும் பயனில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் இடத்தில் இரண்டாவது பலகை வேண்டும். அதைப் பார்த்தவுடன் ஒருவர் கிளம்ப வேண்டும், கையில் எண்ணெய்ப் பசை இல்லாமல். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பற்றக்கூடும். அவர் காலி சிலிண்டர்களைக் கழற்றுவார், புதியவற்றை மாட்டிச் சங்கிலி போடுவார், வால்வை மெல்ல, மிக மெல்லத் திறப்பார். வேகமாகத் திறந்தால், சைக்கிள் பம்பு சூடாவதைப் போல, இடுக்கில் நசுங்கும் வாயு கடுமையாகச் சூடாகிவிடும். கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முள்ளைப் பார்ப்பார். மஞ்சள் விளக்கு அணையும்.