பதிவிறக்கமும் தரவிறக்கமும்: உலாவிக்கு எந்தச் சொல் பொருந்தும்?

உலாவியின் அமைப்புகளைத் தமிழில் விளக்கும் உதவிக் குறிப்புகளில் ‘தரவிறக்கம்’ என்னும் சொல் இப்போது பெருகிவருகிறது. தரவிறக்க இடத்தை மாற்றுவது எப்படி, தரவிறக்கம் பாதியில் நின்றால் என்ன செய்வது, தரவிறக்கிய கோப்பைக் காணவில்லையென்றால் எங்கே தேடுவது என்று ஒவ்வொரு வரியிலும் அச்சொல்லே வருகிறது. எழுதுகிறவர்கள் ‘டவுன்லோட்’ என்று விட்டுவிடாமல் தமிழில் சொல்ல முனைகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஒரு கலைச்சொல் தமிழாக இருந்தால் மட்டும் போதாது. அது குறிக்கும் செயலைப் பக்கத்திலுள்ள மற்றச் செயல்களிலிருந்து பிரித்துக் காட்டவும் வேண்டும். அந்த வேலையைப் ‘பதிவிறக்கம்’ செய்கிறது, ‘தரவிறக்கம்’ செய்யவில்லை என்பதே என் துணிபு.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சிறியது. ‘டவுன்லோட்’ 1970களில் கணினித் துறையில் வழக்குக்கு வந்தது. பெரிய மையக் கணினி மேலே இருப்பதாகவும், அதனோடு இணைந்த சிறு கணினிகள் கீழே இருப்பதாகவும் கருதிய காலத்துச் சொல் அது. ‘லோட்’ என்பதன் பழைய ஆங்கில வேர் வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்னும் பொருள்களைத் தந்தது. சுமை என்னும் பொருள் பின்னர் ஏறியது. இதை அப்படியே தமிழாக்கினால் ‘கீழேற்றம்’ என்று வரும். ஏற்றுவதும் இறக்குவதும் எதிர்ச்சொற்களாக உள்ள மொழியில் அது நிற்காது. ஆகவே தமிழ், பெறுகிறவரின் பக்கம் நின்று, வண்டியில் வந்த சரக்கை இறக்குவதுபோல ‘இறக்கு’ என்று சொன்னது. ‘இறக்கம்’ என்பது தனியே நின்றால் சரிவையும் விலை வீழ்ச்சியையும் குறிக்கும் என்பதால் முன்னே ஒரு சொல் தேவைப்பட்டது. அந்த முன்சொல் எது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

‘பதிவு’ என்பதன் வேர் பதி. மண்ணில் சுவடு பதிகிறது. தாளில் முத்திரை பதிக்கிறோம். பத்திரத்தைப் பதிவு செய்கிறோம். ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு என்னும் சொற்களால், வந்துபோகும் ஒன்றை ஒரு பரப்பில் நிலையாகப் பிடித்துவைப்பதற்கு இச்சொல் முன்பே பழகிவிட்டது. ‘தரவு’ தா, தரு என்னும் வினையிலிருந்து வருவது. யாப்பு படித்தவர்கள் கலிப்பாவின் முதல் உறுப்பாக அதை அறிவார்கள். ‘தரப்பட்டது’ என்று பொருள்படும் இலத்தீன் ‘டேட்டம்’ என்பதிலிருந்து வந்த ‘டேட்டா’வுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் வாய்க்காது. தரவு என்னும் சொல்லோடு எனக்குப் பிணக்கு இல்லை. அதை இறக்கத்தோடு பிணைத்ததில்தான் பிணக்கு.

உலாவியில் தரவு இறங்காத செயல் எது? ஒரு பக்கத்தைத் திறந்தால் எழுத்தும் படமும் எழுத்துருவும் இறங்குகின்றன. காணொளி பார்த்தால் அது ஓடி முடியும்வரை தரவு இறங்கிக்கொண்டே இருக்கிறது. மின்னஞ்சலைப் படித்தாலும் வரைபடத்தை நகர்த்தினாலும் அதே கதைதான். சொல்லை அதன் பொருளால் அளந்தால் இவை அத்தனையும் தரவிறக்கமே. ஆனால் இவற்றில் எதையும் யாரும் ‘டவுன்லோட் செய்தேன்’ என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லைப் பயனர் எடுப்பது, வந்த தரவு ஒரு பெயரோடும் ஒரு கோப்புறையோடும் தன் கருவியில் தங்கிவிடும்போது மட்டுமே. வேறுபடுத்தும் கூறு தங்குதல். தரவிறக்கம் என்ற சொல்லில் அந்தக் கூறு எங்கும் இல்லை.

ஒரு பிடிஎஃப் கோப்பின் சுட்டியை (‘லிங்க்’) எடுத்துக்கொள்வோம். அதைச் சொடுக்கினால் சிலருக்கு உலாவியின் உள்ளேயே திறக்கிறது. சிலருக்குக் கோப்பாக வந்து சேர்கிறது. கோப்பை அனுப்பும் தொலைக் கணினியாகிய சேவையகம் (‘சர்வர்’) தன் மறுமொழியின் தலைப்பில் ‘கன்டென்ட்-டிஸ்போசிஷன்’ என்னும் வரியைச் சேர்த்து, அதில் ‘அட்டாச்மென்ட்’ என்று குறித்தால் உலாவி அதைச் சேமிக்கும். ‘இன்லைன்’ என்று குறித்தாலோ அந்த வரியையே விட்டுவிட்டாலோ தனக்குக் காட்டத் தெரிந்த வகையைத் திறந்து காட்டும். இந்த வரியை உலாவிகள் எவ்வாறு கையாள வேண்டும் என்பதை 2011இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6266 என்னும் இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்தது. இதற்கு மேல் பயனரின் விருப்பமும் உண்டு. குரோமில் பிடிஎஃப் ஆவணங்களுக்கென்று இருக்கும் அமைப்பிலும், ஃபயர்ஃபாக்ஸில் கோப்பு வகைகளுக்கு நேரே உள்ள பட்டியலிலும், திறப்பதா சேமிப்பதா என்று தேர்ந்துகொள்ளலாம். இரண்டு வழியிலும் வருவது அதே கோப்பு, அதே பைட்டுகள், அதே தரவு. “பிடிஎஃபைத் தரவிறக்காமல் திறக்க” என்று எழுதும் உதவிக் குறிப்பு, தரவு இறங்காமலேயே ஆவணம் கண்முன் தோன்றும் என்று சொல்கிறது. அது பிழை. “பதிவிறக்காமல் திறக்க” என்றால் பிழையில்லை. பார்க்கலாம், ஆனால் கோப்புறையில் பதியாது என்று நேராகப் பொருள் தருகிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படுவதுண்டு. பார்க்கும் பக்கங்களும், உலாவி தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடைமாற்றகத்துக்காக (‘கேஷ்’) வட்டில் எழுதப்படுகின்றனவே, அப்படியானால் அவையும் பதிவுதானே என்பார்கள். நல்ல தடைதான். ஆனால் இடைமாற்றகத்தில் உள்ளவை உலாவி தன் வசதிக்காக வைத்துக்கொள்பவை. இடம் போதாதபோது கேட்காமலேயே தூக்கி எறிந்துவிடும். நமக்கென்று, நாம் அறிந்த பெயரில், நாம் நீக்கும்வரை இருப்பதைத்தான் பதிவு என்கிறோம்.

குரோம் செய்யும் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பது என்று கேட்கும் அமைப்பை இயக்கிவைத்திருந்தால், சுட்டியைச் சொடுக்கியதும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். நாம் கோப்புறையைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே உலாவி பின்னால் தரவைப் பெறத் தொடங்கிவிடுகிறது, ஒரு தற்காலிகக் கோப்பு வளர்ந்துகொண்டிருக்கும். சிறிய கோப்பானால் நாம் முடிவெடுக்கும் முன்பே முழுவதும் வந்துவிடும். அப்போது ரத்து என்பதை அழுத்தினால் தற்காலிகக் கோப்பு அழிகிறது. நம்மிடம் எதுவும் இல்லை. தரவு இறங்கியது, பதிவிறக்கம் நிகழவில்லை. ‘தரவிறக்கம்’ என்று மட்டும் சொல்லப் பழகியவர் இந்த நிலையை எந்தச் சொல்லால் விளக்குவார்?

இரண்டாவது கேடு சொல்லளவில் நில்லாமல் பயனரைக் குழப்புவது. உலாவி அமைப்புகளில் ‘தரவு’ என்னும் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் அமர்ந்திருக்கிறது. உலாவல் தரவை அழிக்கும் பகுதி ஒன்று எல்லா முதன்மை உலாவிகளிலும் இருக்கிறது. கைபேசியில் இணையத்துக்கும் தரவு என்றே பெயர். வந்த கோப்புகளை ‘தரவிறக்கியவை’ என்று அழைத்துவிட்டு, பக்கத்திலேயே ‘தரவை அழி’ என்று ஒரு பொத்தானையும் வைத்தால், சேர்த்துவைத்த கோப்புகள் எல்லாம் அதனால் போய்விடும் என்று ஒருவர் அஞ்சுவதில் என்ன வியப்பு? உண்மையில் கணினி உலாவியில் பதிவிறக்க வரலாற்றை அழித்தால் பட்டியல்தான் போகிறது. கோப்புகள் கோப்புறையில் அப்படியே இருக்கின்றன. வரலாற்றைச் சேமிக்காத மறைநிலைச் சாளரத்தில் (‘இன்காக்னிட்டோ’) பெற்ற கோப்பும் அப்படியே. சாளரத்தை மூடியதும் வரலாறு மறையும். கோப்பு கணினியில் கிடக்கும், அடுத்து அமர்பவர் அதைத் திறக்கலாம். ‘பதிவு’ என்று சொல்லியிருந்தால் அந்த எச்சரிக்கையைச் சொல்லே கொடுத்திருக்கும்.

மூன்றாவது, சிக்கல்களைக் களைவதில் வருவது. பதிவிறக்கம் தோற்றால் இணைப்பைத்தான் முதலில் ஐயுறுகிறோம். ஆனால் சேமிக்கும் வட்டில் இடம் இல்லாமை, கோப்புறையில் எழுத உரிமை இல்லாமை, நச்சுநிரல் தடுப்பான் கோப்பைப் பறித்துக்கொள்ளுதல், அமைப்பில் குறித்த வெளிவட்டு இப்போது செருகப்படாமல் இருத்தல் ஆகியவை எல்லாம் பதிவின் பக்கத்துக் கோளாறுகள். இவற்றில் மிகவும் ஏமாற்றுவது ஃபேட்32 என்னும் பழைய கோப்பு முறையில் வடிவமைத்த விரலியில் (‘பென் டிரைவ்’) சேமிப்பது. அம்முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. 5 ஜிபி கோப்பு ஒன்று நெடுநேரம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். 4 ஜிபியை நெருங்கியதும் நின்றுவிடும். விரலியில் இடம் இன்னும் ஏராளமாக இருக்கும். இணைப்பைத் துண்டித்துச் சேர்த்தாலும் உலாவியை மாற்றினாலும் மறுபடி அதே இடத்தில்தான் நிற்கும். சேமிப்பிடத்தைக் கணினியின் உள்வட்டுக்கு மாற்றினால் வேலை முடியும். ‘தரவிறக்கம் தோல்வி’ என்று படித்தவர் வலைப்பின்னலைத் தேடிப் போவார். ‘பதிவிறக்கம் தோல்வி’ என்றால் பதியும் இடத்தையும் ஒருமுறை பார்க்கத் தோன்றும்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் எடைபோட வேண்டும். ‘பதிவு’ என்பது இன்று வலைப்பதிவையும் சமூக ஊடக இடுகையையும் பெயர்ப்பதிவையும் குறிக்கிறது. ஆகவே ‘பதிவிறக்கம்’ என்றால் இட்ட பதிவை இறக்கிவிடுதல், அதாவது நீக்குதல் என்று பொருள்படும் என்கிறார்கள். தொகையை இரண்டாம் வேற்றுமையாக விரித்தால் அப்படித்தான் வரும். ஆனால் ‘பதிவுக்கு இறக்குதல்’ என்று நான்காம் வேற்றுமையாக விரிப்பதற்கு என்ன தடை? பதிவதற்காக இறக்குவது பதிவிறக்கம். பதிவதற்காக ஏற்றுவது பதிவேற்றம். பல பொருள் ஒரு சொல்லாக இருப்பதே குற்றமென்றால் ‘தரவு’ அதைவிட நெருக்கடியில் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். பதிவின் மற்றப் பொருள்கள் உலாவியின் பதிவிறக்கப் பக்கத்துக்கு வெளியே இருப்பவை. தரவின் மற்றப் பொருள்கள் அதே அமைப்புத் திரையில் இருப்பவை.

‘இறக்குமதி’ என்று எழுதுவோரும் உண்டு. அதற்கு நீண்ட மறுப்பு வேண்டாம். வேறொரு உலாவியின் புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு அச்சொல் நிலைத்துவிட்டது. அதை இங்கே இழுப்பது இரண்டையும் கெடுக்கும்.

சொல்லைச் சரியாகத் தேர்ந்தவர்களும் அதைச் சுற்றியுள்ள சொற்களில் தவறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பாதியில் நின்ற பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து வாங்கும் ‘ரெஸ்யூம்’ என்பதை ‘மறுதொடக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மறுதொடக்கம் என்றால் முதலிலிருந்து. இரண்டும் வெவ்வேறு செயல்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், கோப்பின் இன்ன பைட்டிலிருந்து அனுப்பு என்று உலாவி கேட்க, சேவையகம் 206 என்னும் எண்ணோடு அந்தப் பகுதியை மட்டும் அனுப்ப வேண்டும். சேவையகத்துக்கு அந்த வசதி இல்லையென்றாலோ சுட்டியின் காலம் முடிந்துவிட்டதென்றாலோ தொடர முடியாது; அப்போதுதான் மறுதொடக்கம் தேவைப்படும். முக்கால்வாசி வந்த பெரிய கோப்பின் அருகே ‘மறுதொடக்கம்’ என்று இருந்தால், வந்ததும் போய்விடுமோ என்று அஞ்சி அந்தப் பொத்தானைத் தொடாமலே இருப்பவர் உண்டு. ‘தொடர்’ என்ற எளிய சொல் கையருகே இருக்கிறது. அதுபோலவே, பட்டியலிலிருந்து எடுப்பதற்கும் கோப்பையே அழிப்பதற்கும் ‘நீக்கு’ என்ற ஒரே சொல்லை இடுவது பெருங்குறை. முன்னதற்குப் ‘பட்டியலிலிருந்து எடு’ என்றும் பின்னதற்குக் ‘கோப்பை அழி’ என்றும் இரண்டு சொல் கூடுதலாக எழுதினால் என்ன? மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெரும்பாலும் திரை காட்டப்படுவதில்லை, தனித்தனி வரிகளாகவே சொற்கள் வருகின்றன என்பதை நான் அறிவேன். ஆயினும் ஐயம் வந்தால் உலாவியைத் திறந்து அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இனி வினைவடிவம். ‘பதிவிறக்கம் செய்’ என்பதில் தவறில்லை. ஆனால் ‘பதிவிறக்கு’ என்றே சொல்லலாம், பொத்தானில் இடமும் மிஞ்சும். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை என்னும் வேறுபாட்டைத் தமிழ் ஓர் எழுத்தில் தருவதால், நிலைவரிகளை மிகத் துல்லியமாக எழுத முடியும். கட்டளைக்குப் ‘பதிவிறக்கு’, நடந்துகொண்டிருப்பதற்குக் ‘கோப்பு பதிவிறங்குகிறது’, முடிந்ததற்குப் ‘பதிவிறங்கியது’, உலாவியோ பயனரோ எழுவாயானால் ‘பதிவிறக்கியது’, ‘பதிவிறக்கினீர்கள்’. இன்று பல இடங்களில் காணும் ‘கோப்பு பதிவிறக்குகிறது’ என்னும் வரியில் கோப்பே வேறு எதையோ இறக்குவதாக ஆகிறது. இந்த வேலைக்கென்றே அமைந்த மென்பொருளைப் ‘பதிவிறக்க மேலாளர்’ என்று ஆளாக்காமல், உலாவு என்பதிலிருந்து உலாவி வந்ததுபோலப் ‘பதிவிறக்கி’ என்று சொல்லிவிடலாம்.