சார்ஜரை எண்ணினீர்களா?

போன வருடம் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்குமே அந்தச் சமயத்தில், ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி நாற்பது லேப்டாப் கொடுத்திருக்கிறது, மண்டபம் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு நாளைக் காலையில் விழா வைத்து வழங்குகிறோம், "ஒரு தடவை ஆன் பண்ணி மட்டும் பார்த்துக் கொடுத்துடுங்கண்ணே" என்றார் அந்தத் தம்பி. அந்த 'மட்டும்' இன்னமும் என் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

ராமநாதபுரத்தில் 18 வருடமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி அன்பளிப்பு லேப்டாப்கள் என் கைக்கு நிறைய வந்திருக்கின்றன. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து எங்கள் மாவட்டமும் விருதுநகரும் அதில் இடம்பெற்றன. கம்பெனிகளின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் நினைப்பு. திரும்பட்டும், நல்லதுதான். ஆனால் கொடுக்கிற கம்பெனிக்கும் வாங்கிக் கொடுக்கிற தொண்டு நிறுவனத்துக்கும் நடுவில் யாருமே பார்க்காமல் விடுகிற சில சங்கதிகள் இருக்கின்றன, அவை நேராக என் கடை வாசலுக்கு வந்து நிற்கின்றன.

அன்று சாயங்காலம் போய் அட்டைப் பெட்டிகளைப் பிரித்தேன். லேப்டாப் நாற்பது. சார்ஜர் இருபத்தாறு. அதுவும் தனியாக ஒரு சாக்கில், வலை சிக்கினது போலச் சிக்கிக்கிடந்தது. சொருகுகிற முனை மூன்று விதம், இரண்டு சார்ஜருக்கு வாட்ஸ் போதாது, சொருகினால் லைட் எரியும், பேட்டரி ஏறாது. கம்பெனியில் ஆள் மாறும்போது லேப்டாப்பைத் திருப்பி வாங்குகிற அக்கறையோடு சார்ஜரை யாரும் வாங்குவதில்லை போல. ஒரு சார்ஜர் என்பது படகுக் கூலிக்குப் போகிறவர் வீட்டில் சின்னச் செலவு கிடையாது.

சார்ஜர் கதையாவது காசு போட்டால் முடிந்துவிடும். ஒன்பது லேப்டாப்பில் விண்டோஸ் புதிதாகப் போட்டு வைஃபை கொடுத்ததும் அந்தக் கம்பெனியின் பெயரோடு ஒரு திரை வந்து ஆபீஸ் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. இது வைரஸும் இல்லை, ரிப்பேரும் இல்லை. பெரிய கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களின் ஹார்டுவேர் அடையாளத்தை மைக்ரோசாப்டின் ஆட்டோபைலட் மாதிரியான மேலாண்மைச் சேவையில் பதிந்து வைத்திருப்பார்கள். அந்தப் பதிவு இருக்கிறவரை நீங்கள் எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும், ஹார்டு டிஸ்க்கையே மாற்றினாலும், நெட் கிடைத்ததும் அது பழைய முதலாளியைத் தேடும். பதிவை நீக்குவது அந்தக் கம்பெனி ஐடி ஆட்களால் மட்டும்தான் முடியும், அவர்களுக்கு அது சில நிமிட வேலை. ஆப்பிள் லேப்டாப்பில் ஆக்டிவேஷன் லாக் என்று இதே சமாச்சாரம். லேப்டாப்பை ஆன் செய்ததுமே, விண்டோஸுக்கு முன்னாலேயே கேட்கிற பயாஸ் பாஸ்வேர்டு இன்னொரு தலைவலி. பழைய மாடல்களில் உள்ளே நாணயம் மாதிரி வட்டமாக இருக்கிற காசு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும், இப்போதைய ஆபீஸ் மாடல்களில் பலவற்றில் அது சிப்பிலேயே பதிந்திருக்கும், கழற்றினாலும் அசையாது.

ஒரு வாரம் தள்ளிப்போடலாமே என்று கேட்டேன். "பேனர் அடிச்சாச்சுண்ணே, சென்னையிலிருந்து ஆட்கள் கிளம்பிட்டாங்க" என்றார். சரி, விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள், பூட்டோடு அந்த ஒன்பதும் பிள்ளைகள் கைக்குப் போனது.

பத்து நாள் கழித்துப் பாம்பனிலிருந்து ஒரு அக்கா பஸ் ஏறி வந்தார்கள். மஞ்சப்பைக்குள் துண்டில் சுற்றிய லேப்டாப். "தம்பி, பாப்பா என்னமோ ஆபீஸ் பேரு கேக்குதுங்குது, நாங்க தப்பா எதையும் அமுக்கலப்பா" என்றார்கள். எனக்கு அந்தக் கம்பெனி மேல் வந்த கோபத்தைவிட, அந்த 'தப்பா எதையும் அமுக்கலப்பா' ரொம்ப நாள் உறுத்தியது. யாரோ ஐடி பிரிவில் ஒரு பட்டியலை முடிக்காமல் விட்டதற்கு இந்த அம்மா விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

அதனால் கம்பெனிக்காரர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இது: பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் புதிதாக ரீசெட் செய்து, நெட் கொடுத்து, வெளி ஆள் ஒருவரின் சொந்தக் கணக்கில் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கே அரை நாள் வேலை. இங்கே வந்தபிறகு அதே வேலைக்கு மாதக்கணக்கில் மெயில் போகும், அதற்குள் அதைக் கவனித்த ஆள் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்.

பழைய தகவல்களை அழிக்கிற விஷயத்தில் இதற்கு நேர் எதிர்க் கூத்து. "ஃபார்மேட் பண்ணிட்டோம்" என்பார்கள். விரைவு ஃபார்மேட்டில் உள்ளடக்க அட்டவணைதான் போகும், ஹார்டு டிஸ்க்கில் எழுதினது அப்படியே கிடக்கும், இலவசமாகக் கிடைக்கிற மீட்பு மென்பொருளே அதைத் தோண்டிவிடும். ஒருமுறை வந்த டிஸ்க்கைச் சோதித்தபோது ஊழியர்களின் சம்பளச் சீட்டும் ஆதார் நகலும் வரிசையாக எழுந்து வந்தன. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிற நாட்டில் இது விளையாட்டுக் காரியமில்லை. ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுதி அழியுங்கள், சில மணி நேரம் பிடிக்கும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதிகிற எஸ்எஸ்டியில் அதற்கென்றே பாதுகாப்பு அழிப்புக் கட்டளை இருக்கிறது, அது சீக்கிரம் முடிந்துவிடும். பயந்துபோய் டிஸ்க்கில் டிரில் போடுகிறவர்களும் உண்டு. போடுங்கள், ஆனால் புது எஸ்எஸ்டிக்கான காசையும் கையோடு கொடுங்கள்.

இப்போது லேப்டாப் வரத்து கூடியிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் கம்பெனிகள் கழித்துக் கட்டுகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகள்படி கழிவைக் காயலான் கடைக்குத் தள்ள முடியாது, பதிவு பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க 'தானம்' என்று ஸ்டிக்கர் ஒட்டி எங்கள் பக்கம் அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். திரை உடைந்து, கீல் கழன்று, பேட்டரி வீங்கிப்போய் டச்பேடு மேலே எழும்பி நிற்கும். வீங்கின பேட்டரியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது ஆபத்து, அதை அழுத்தவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

ஏழாம் தலைமுறை மெஷின் வந்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டு, தமிழ்99 விசைப்பலகை வைத்து, லிப்ரேஆபீஸோடு கொடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார்கள். ஆனால் பி.காம் படிக்கிற பிள்ளைக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருள் வேண்டும், அதற்கு விண்டோஸ் வேண்டும். யாருக்கு எது தேவை என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் தீர்ந்தது, கேட்கிறவர்தான் குறைவு.

அப்புறம் எங்கள் ஊர் உப்புக்காற்று. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உப்புதான். சென்னையில் ஏசி அறையில் நாலு வருடம் இருந்த போர்டு இங்கே வந்து ஒரு வாடைக்காற்றுக் காலம் தாண்டினால், சார்ஜர் சொருகுகிற இடத்திலும் கீபோர்டு ரிப்பனிலும் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். பலபேர் பத்திரப்படுத்துகிறோம் என்று பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பீரோவுக்குள் வைக்கிறார்கள். அதுதான் சீக்கிரம் போகிறது, ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடுகிற லேப்டாப் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். துணிப்பையில் வையுங்கள், ஜன்னலோரம் வைக்காதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். தேதி தானாகப் பின்னுக்குப் போய், எந்த இணையதளமும் 'பாதுகாப்பில்லை' என்று திறக்காமல் அடம்பிடித்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சிஆர்2032 என்கிற காசு பேட்டரி தீர்ந்திருக்கும், மலிவான சாமான்.

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, அந்த லேப்டாப்கள் என் கடைக்கு வர ஆரம்பித்தபோது ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒரு வருடத்து மாடல் ஊர் முழுக்க ஒன்றாகவே இருந்ததால் ஒன்று செத்தால் அதன் திரை இன்னொன்றுக்கு ஆகும், கீபோர்டு மூன்றாவதுக்கு ஆகும். தனியார் அன்பளிப்பில் நாற்பது வந்தால் பதினாலு மாடல் இருக்கிறது. உதிரிக்கு எங்கே போவது?

கீழக்கரையில் ஒரு இளைஞர் சங்கம் இதைச் சரியாகச் செய்தது. கம்பெனி நாற்பது தருகிறோம் என்றதற்கு, "ஒரே மாடலா முப்பது குடுங்க, மீதிக்கு பேட்டரியும் சார்ஜரும் வாங்கித் தாங்க" என்று அங்கிருந்த ஒரு காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) கூசாமல் கேட்டார். கொடுத்தார்கள். இருபத்தேழை வழங்கிவிட்டு மூன்றை என்னிடம் விட்டுவைத்தார்கள். யாருடையதாவது ரிப்பேருக்கு வந்தால் அந்த மூன்றில் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புவேன், படிப்பு நிற்காது. கூடவே சீரியல் நம்பர் போட்டுக் கம்பெனி முத்திரையோடு ஆளுக்கொரு கடிதம். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டின லேப்டாப்பைச் சின்னப் பையன் தூக்கிவந்தால் நானே ஒரு தடவை "யாருடையதுப்பா?" என்று கேட்பேன், அதற்குப் பதில் அந்தக் கடிதம்தான். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருகிற கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ரிப்பேர்ச் செலவையும் கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

மண்டபத்து ஒன்பதில் ஆறு திறந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் ஒரு பெண் பொறியாளர் என் மெயிலைப் பார்த்து, சீரியல் நம்பர் கேட்டு வாங்கி, அன்று மாலையே நீக்கிக் கொடுத்தார். பாம்பன் பாப்பாவின் லேப்டாப் அதில் ஒன்று. மீதி மூன்று அந்தக் கம்பெனி வேறொரு கிளையிலிருந்து வாங்கியவையாம், அங்கே யாரும் பதில் போடவில்லை. பிள்ளைகள் பெயரை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை மூன்றையும் ஓடவிட்டு அணைக்கிறேன், களிம்பு பிடிக்கக் கூடாதே.