பூட்டிய நிலவறைக்கு மூளை ஏன் பயப்படுகிறது?

இத்தாலியப் பேய் வீட்டுப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கதைக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை என்று ஒரு குறை வந்துவிடும். உண்மைதான். ஆனால் அந்தப் படங்கள் நம்மைப் பிடித்து வைப்பதே அதனால்தான் என்பது என் கட்சி.

லூசியோ ஃபுல்சி 1981-இல் எடுத்த ‘தி ஹவுஸ் பை தி செமட்டரி’யில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள பழைய வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. நிலவறைக் கதவு அடைத்துக் கிடக்கிறது. எங்கிருந்தோ ஒரு குழந்தை விசும்பும் ஒலி. கேமரா அவசரமே இல்லாமல் நகர்கிறது. யார் சாவார்கள், எப்போது, ஏன் என்பதற்கு எந்த விதியும் கிடையாது.

மூளை சும்மா இருக்காது. அடுத்த நொடி என்ன நடக்கும் என்று கணித்துக்கொண்டே இருக்கும். ஆபத்து எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் உடல் இறுகும், பிறகு தளரும். தெரியாவிட்டால் விறைப்பு நீண்டுகொண்டே போகும். காரண காரியத்தோடு ஓடும் கதையில் நாம் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஃபுல்சியின் வீட்டில் போடவே முடியாது.

அப்புறம் ரத்தம். நிலவறையில் இருக்கும் டாக்டர் ஃப்ராய்ட்ஸ்டைன், கொன்றவர்களின் உறுப்புகளால் தன் உடலைப் புதுப்பித்துக்கொள்பவன். அவனைக் குத்திய இடத்திலிருந்து புழுக்கள் கொட்டுகின்றன. ஃபுல்சி கேமராவைத் திருப்பிக்கொள்வதில்லை, நின்று பார்க்கிறார். இங்கே அச்சத்தோடு அருவருப்பும் சேர்ந்துகொள்கிறது. அச்சத்தில் இதயம் வேகமெடுக்கும், அருவருப்பில் வயிறு புரளும். அருவருப்பில் மூளையின் இன்சுலா என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இதெல்லாம் படம்தான் என்று நெற்றிப் பக்கத்து மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது.

சரி, இதில் இன்பம் எங்கே? உடலில் ஏறிய படபடப்பு, அதைக் கிளப்பிய காட்சி முடிந்த உடனே இறங்கிவிடாது, மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் அடுத்து வரும் உணர்வோடு கலந்து அதைப் பெரிதாக்கும் என்று உளவியலாளர் டால்ஃப் ஸில்மன் விளக்கினார். அதனால்தான் அடுத்து வரும் நிம்மதி அவ்வளவு இனிக்கிறது.

கண்ணை ஏமாற்றும் வித்தையில், ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான மரியோ பாவாவை மிஞ்ச ஆளில்லை. 1957-இல் வெளிவந்த ‘இ வாம்பிரி’ படத்துக்கு அவர்தான் ஒளிப்பதிவாளர். அதில் ஓர் அழகி நம் கண்முன்னே, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் கிழவியாகிறாள். நடிகையின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு நிறத்தில் வரைந்துவிடுவார்கள். சிவப்பு ஒளியில் தோலும் சிவப்புக் கோடும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பும். எனவே கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் கோடுகள் தெரியாது. ஒளியை மெல்லப் பச்சைக்கு மாற்றினால் சிவப்பு மை அதை விழுங்கிவிடும். கோடுகள் கருத்து எழும். கணினி வரைகலை எட்டிப்பார்க்காத காலத்தில், வண்ணத் தாளையும் விளக்கையும் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

காதுக்கும் இதே கதிதான். அந்தக் கால இத்தாலியில் வசனங்களைப் பெரும்பாலும் பிறகுதான் பதிவுசெய்தார்கள். உதடு ஓரிடம், குரல் ஓரிடம். பேசுகிறவரின் வாயையும் ஒலியையும் மூளை தானாக இணைத்துப் பார்க்கும். இரண்டும் நூலிழை விலகினாலும் ஏதோ சரியில்லை என்று உறுத்தும். எல்லா இயக்குநர்களும் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேய் வீட்டுக்கு இது அச்சாகப் பொருந்திவிட்டது. தளத்தில் ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பதால், ‘சஸ்பீரியா’ (1977) படப்பிடிப்பிலேயே டாரியோ அர்ஜென்டோ இசையை அலறவிட்டு நடிகர்களை மிரளவைத்தார். படத்துக்கு இசையமைத்த கோப்ளின் என்ற ராக் இசைக்குழுவின் அந்த முணுமுணுப்பு இசையைக் கேட்டவர்களுக்கு, நடிகர்கள் ஏன் மிரண்டார்கள் என்பது புரியும்.

ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாவாவின் கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்து தொடங்கலாம். ஃபுல்சிக்கு வரும்போது சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.