பெப்டைடு – சொல் விளக்கம்

எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போவது சித்தூர்ப் பக்கத்தில் பழைய வழக்கம். இப்போது அதே புத்தூர், நகரி ஜிம்களில் தசை பிடித்துக்கொண்டவர்களுக்குக் கிடைக்கும் யோசனை வேறு: "பெப்டைடு போடுண்ணா, சீக்கிரம் ரெக்கவர் ஆயிடும்." தமிழ்ப் பையனும் தெலுங்குப் பையனும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

அமினோ அமிலங்கள் கோத்துக்கொண்ட சிறு தொடர்தான் பெப்டைடு. நீளம் கூடினால் புரதம். ஏறக்குறைய 50 அமினோ அமிலங்களை எல்லையாக வைப்பார்கள், ஆனால் அது கறாரான கோடு இல்லை. 51 உள்ள இன்சுலினை இரண்டு பெயராலும் அழைக்கிறார்கள்.

கிரேக்க மொழியில் 'பெப்டோஸ்' என்றால் செரித்தது. இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பொருளுக்கு 1836இல் தியோடர் ஷ்வான் 'பெப்சின்' என்று பெயர் வைத்தார். அப்படி உடைந்து வருவது 'பெப்டோன்'. 1902இல் எமில் ஃபிஷர் அதன் தலையை எடுத்து, சர்க்கரைகளைக் குறிக்கும் 'சாக்கரைடு' என்பதன் வாலை ஒட்டி, 'பெப்டைடு' ஆக்கினார்.

செரிமானத்தில் பிறந்த பெயர் என்பது பொருத்தம்தான். பெரும்பாலான பெப்டைடுகளை விழுங்கினால் வயிறு அவற்றையும் செரித்துவிடும். அதனால்தான் ஜிம் பேச்சில் ஊசி வருகிறது. அங்கே அதிகம் அடிபடும் பிபிசி-157 (BPC-157) என்ற பெப்டைடு, 15 அமினோ அமிலத் தொடர். எலிகளின் தசை, தசைநாண் காயங்களில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. மனிதரிடம் நடந்த ஆய்வு மிகக் குறைவு. 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. இணையத்தில் விற்கும் குப்பிகள் பலவற்றில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டும் போட்டுக்கொள்கிறவர்களை என்ன சொல்ல! பாலில் கலக்கிக் குடிக்கும் கொலாஜன் பொடியும் பெப்டைடுதான், ஆனால் அது உணவு வகை. இரண்டையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் குழப்பம்.

தமிழில் 'புரதக்கூறு' என்று எழுதுகிறார்கள். கேட்டதும் புரியும், பொதுக் கட்டுரைக்குப் போதும். ஆனால் தனி அமினோ அமிலமும் புரதத்தின் கூறுதானே? தவிர, இரண்டு அமினோ அமிலங்கள் கோத்த 'டைபெப்டைடு' என்பதை 'இருபுரதக்கூறு' என்று எழுதினால் இரண்டு புரதங்களின் கூறு என்று பொருள் மாறிவிடுகிறது. அந்த மாதிரி இடங்களில் பாடநூல்களின் 'பெப்டைடு பிணைப்பு' போலப் 'பெப்டைடு' என்றே வைத்துக்கொண்டு, இருபெப்டைடு, முப்பெப்டைடு, பல்பெப்டைடு என்று எழுதுவதே சரி.