‘போர்டு போச்சு’ என்றால் அடுத்து என்ன கேட்க வேண்டும்?

பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத லேப்டாப்பைச் சர்வீஸ் கடையில் நீட்டினால், ஐந்தே நிமிடத்தில் வரும் பதில்: “போர்டு போச்சு சார், மாத்தணும்.” ஐந்து நிமிடத்தில் அந்த முடிவுக்கு வர முடியாது. போர்டு என்பது பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு. அதில் மின்சாரத்தைச் சீராக்கும் பொடிப் பாகங்களான செராமிக் கெப்பாசிட்டர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பவர் லைனில், அதாவது மின்சாரம் ஓடும் பாதையில், இருக்கும் ஒன்று ஷார்ட் ஆனாலே முழு மெஷினும் டெட். அதன் விலை சில ரூபாய்தான். எது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தத் தேடல் நடந்ததா என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் கைவைப்பவர் கண்டபடி ஹீட் கன் அடித்துவிட்டால், அடுத்து எவ்வளவு கைதேர்ந்தவரிடம் போனாலும் அந்த போர்டைக் காப்பாற்றுவது கஷ்டம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய சார்ஜால் முடங்கிய மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும். டைப்-சி சார்ஜர் என்றால், அதே வாட்ஸ் உள்ள இன்னொன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்; செல்போன் சார்ஜரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் எச்.டி.எம்.ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் பெரும்பாலும் போர்டு நல்லபடி இருக்கிறது. டிஸ்ப்ளே பேனலோ, ஹிஞ்ச் (மடக்கும் கீல்) வழியாகப் போகும் கேபிளோதான் பழுது. டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட் எரியவில்லை. டெல் லேப்டாப்பில் டி எழுத்தை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் திரை தானாக வண்ணங்களை மாற்றிக் காட்டும். வண்ணங்கள் சரியாக வந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. டிவியிலும் படம் இல்லாமல் பீப் சத்தம் வந்தால், அல்லது கேப்ஸ் லாக் லைட் மின்னினால், எத்தனை முறை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். எந்தப் பாகம் என்பதற்கு அது துப்பு. ரேம் லூஸாக இருந்தாலும் இதே அறிகுறிதான்.

தண்ணீரோ டீயோ கொட்டிய லேப்டாப்புக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஆன் செய்து பார்க்கவே கூடாது. சார்ஜரைப் பிடுங்குங்கள், ஓடிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள், பாதி திறந்தபடி கவிழ்த்து வையுங்கள், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் பேட்டரியின் வோல்டேஜ் போர்டின் சில லைன்களில் நின்றுகொண்டேதான் இருக்கும். ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால் செம்பு அரிக்கும், பச்சையாகப் பூக்கும். அரிசியில் புதைத்து வைப்பதால் இந்த அரிப்பு நிற்காது. ஹேர் டிரையர் காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். டீ என்றால் சர்க்கரையும் பாலும் சிப்களுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து ஆன் ஆகிவிட்டதே என்று விட்டுவிட்டால், சில வாரங்களில் டெட் ஆகி வரும். போர்டை வெளியே எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்துவதுதான் வழி.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள்.

இனி டேட்டா. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே, டேட்டாவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் பிட்லாக்கர் பூட்டு விழுந்திருக்கும். போர்டை மாற்றினால், மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திரும்ப எழுதினால், 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கடைக்கு எடுத்துப் போகும் முன்பே செல்போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்1 முதலான சிப் உள்ள மேக்புக்குகளில் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, அந்தச் சிப்போடு பிணைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. பேக்கப் இல்லையென்றால் அங்கே போர்டை மாற்றுவது என்பது டேட்டாவைக் கைவிடுவதுதான். அதே போர்டை உயிர்ப்பிக்க முடிந்தால் மட்டுமே டேட்டா திரும்பும்.

வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள்; வெளியே திறக்கக் கொடுக்காதீர்கள். சாதாரண வாரண்டியில் தண்ணீர் சேதமும் உடைப்பும் சேராது, அதற்குத் தனிப் பிளான் வாங்கியிருக்க வேண்டும். கம்பெனியில் பெரும்பாலும் முழு போர்டையும் மாற்றுவார்கள், சிப்பைத் தேட மாட்டார்கள். வாரண்டி முடிந்த மெஷினுக்கு அவர்கள் சொல்லும் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் கெட்ட பாகத்தை மட்டும் தேடி மாற்றும் வேலை, செய்பவரிடம் போவது நல்லது.

சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடைத்தெருவோ, போர்டைப் பற்றிப் பேசுபவரிடம் மைக்ரோஸ்கோப்பும், வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கும் பெஞ்ச் பவர் சப்ளையும் இருக்கிறதா என்று பாருங்கள். “எந்த லைன் ஷார்ட்?” என்று கேளுங்கள். உண்மையில் பார்த்தவர், 19 வோல்ட் உள்ளே வருகிறதா, 3.3, 5 வோல்ட் லைன்கள் எழுகின்றனவா, பட்டன் அழுத்தும்போது எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். டைப்-சி என்றால் மீட்டர் 5 வோல்ட்டிலேயே நிற்கிறதா, 20க்கு ஏறுகிறதா என்பதும் தெரிந்திருக்கும். ஷார்ட் ஆன லைனில் குறைந்த வோல்டேஜ் கொடுத்தால் கெட்ட பாகம் சூடாகும். தெர்மல் கேமராவில் அது பளிச்சென்று தெரியும், கேமரா இல்லையென்றால் மேலே விட்ட ஆல்கஹால் அந்த இடத்தில் முதலில் ஆவியாகும். இந்த அளவுகள் எதுவும் இல்லாமல் “கிராபிக்ஸ் சிப்பை ஹீட் பண்ணிடலாம்” என்பவரிடம் கொடுக்காதீர்கள். சூட்டில் எழுந்த சிப் சில வாரமோ மாதமோ ஓடும், மறுபடி படுக்கும்.

கடைக்காரர் தரும் ஜாப் ஷீட்டில் ரேம் அளவும், உங்கள் கோப்புகள் இருக்கும் எஸ்.எஸ்.டியின் சீரியல் எண்ணும் எழுத வையுங்கள். பார்ப்பதற்கான கட்டணத்தை முன்பே பேசுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லாமலேயே பெரும்பாலான பவர் பழுதுகளைச் சரிபார்க்கலாம். ஒத்துக்கொண்டதை மீறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பிராசஸர் சிப்பே ஷார்ட் என்றால், போர்டின் உள் அடுக்கு கருகியிருந்தால், செலவு அதே ரக பழைய லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால், விட்டுவிடுவதே மேல். அப்போதும் எஸ்.எஸ்.டியைக் கடையிலேயே விட்டு வராதீர்கள். கழற்றக்கூடியது என்றால், அது என்.வி.எம்.இ வகையா சாட்டா வகையா என்று கேட்டு அதற்கேற்ற யு.எஸ்.பி கேஸ் வாங்கிப் போட்டால் இன்னொரு கணினியில் கோப்புகள் திறக்கும். பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்கமும் கையில் இருக்க வேண்டும்.