தாகசாந்தி: சொல் விளக்கம்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தேருக்கும் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கும் தெருவோரம் எழும் கொட்டில்களில் 'தாகசாந்தி நிலையம்' என்று எழுதித் தொங்கவிடுவார்கள். தாகம், சாந்தி இரண்டும் வடசொல். 'தாஹ' என்றால் எரிவு. எரிவைத் தணித்தல் என்பது கூட்டுப்பொருள். யாழ்ப்பாணப் பேச்சில் தாகத்துக்கு விடாய் என்ற சொல் உயிரோடு இருக்கிறது: 'தண்ணி விடாய்க்குது'. கொட்டிலுக்குச் சரியான பெயர் தண்ணீர்ப்பந்தல். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்த கதை பெரியபுராணத்தில் வருகிறது. பந்தர் என்றாலும் பிழையில்லை. சாம்பல், சாம்பர் போலக் கடைப்போலி.

நிரந்தரமாகக் கட்டியதைப் பந்தல் என்பது பொருந்தாது. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழிப்போக்கருக்கு மடமும் கேணியும், சுமைகாரருக்குச் சுமைதாங்கி, மாட்டுக்கு உடம்பு உரச ஆவுரோஞ்சிக்கல்லும் நீர்த்தொட்டியும் என்று அறம் செய்தார்கள். பருத்தித்துறைத் தெருமூடிமடம் இன்றும் தெருவுக்கு மேல் நிற்கிறது. பின்னால் வந்த தெருக்குழாய்க்குக் குழாயடி என்ற பெயரே போதும்.

பந்தலுக்கு நாலு கால், மேலே கிடுகு (பின்னிய தென்னோலை), கீழே நனைத்த மணல், மணலில் மண்பானை. பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்நீரின் சூட்டை எடுத்துப் போகிறது. புதுப்பானையை ஓரிரவு ஊறவிட்டுக் கழுவாவிட்டால் மண் மணக்கும். வர்ணம் பூசினால் துளை அடைபடும். நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. வெள்ளைப் படிவு நாளடைவில் துளையை மூடிவிடும், தென்னந்தும்பால் தேய்க்க வேண்டும். அழகுக்காகப் பானையை வெயிலில் வைப்பவர்கள் வெந்நீர்தான் கொடுப்பார்கள்.

மோர்ப்பந்தலில் ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு, இடித்த இஞ்சி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. காலையில் மொத்தமாகக் கரைத்தால் மத்தியானத்துக்குள் புளித்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதே முறை. சர்க்கரைத் தண்ணிக்குத் தேசிக்காயை (எலுமிச்சையை)க் கடைசியில் பிழிய வேண்டும், முன்பே பிழிந்தால் கைக்கும்.

மூக்குவைத்த குவளையான மூக்குப்பேணியின் மூக்கால் வார்த்தால் வாய்படாமல் குடிக்கலாம். பலருக்கு ஒரு பேணி போதும். ஆனால் யாருக்குப் பேணி, யாருக்குச் சிரட்டை என்று சாதி பார்த்த காலமும் இதே ஊரில் இருந்தது.